உளறுகால்

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கல, நான் மீசையை எடுத்துடறேன்!"

இப்படிச் சபதம் செய்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். செய்த இடம் குளியலறை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு செய்தார்.

"என்னங்க கண்டுபிடிக்கப் போறீங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"சோப்பு! சோப்பைக் காணோம்!"

அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் மனைவிக்கு உத்தியோகம் காது பரிசோதனை. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்பாள். பதினாறு வருஷமாக அதே வேலை. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் நின்றால்கூட இங்கே இருந்தபடி சொல்லிவிடுவாள். அந்தக் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் கார் ஓட்டுவதென்றால் சும்மாவா?

அதுவும் சாதாரணக் கார் இல்லை. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. கிளட்ச்சை மிதித்து, கையால் கியர் போட்டு ஓட்ட வேண்டிய பழைய ஜாதி. அந்த வீட்டில் கண்ணாடிக்காரர் யாரையும் கேட்காமல் தொடக்கூடிய பொருள் அது ஒன்றுதான். அதற்குத்தான் இப்போது ஆபத்து.

புதன்கிழமை மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் மனைவி சட்டென்று நிமிர்ந்தாள்.

"அது என்னங்க, ஞீ ஞீன்னு?"

"எது?"

"கொசு அழற மாதிரி. இதோ, இப்பக்கூட."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"ஞீஈஈ" என்றது கார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் கத்துச்சுன்னா தம்பி வந்து வண்டியை எடுத்துட்டுப் போகட்டும். ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான்."

அந்த மச்சான் லேசுப்பட்ட ஆள் இல்லை. கார் கைக்கு வருமுன்னே, ஓட்டுவதற்கென்று தோல் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு திரிகிறவன். போன மாசம் வந்தபோது அந்தக் கையுறையோடு ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தான். இவருக்குத் தன் கழுத்தைத் தடவியது போலிருந்தது.

இதில் பெரிய பயம் என்ன தெரியுமா? அவர் தனியாக ஓட்டினால் அந்தச் சத்தம் வருவதே இல்லை. வியாழக்கிழமை ஊரை மூன்று சுற்று சுற்றினார். கப்சிப். வெள்ளிக்கிழமை மனைவி ஏறி, பெல்ட்கூடப் போடவில்லை, "ஞீஈஈ!" வண்டியில் பேய் புகுந்துவிட்டதோ என்று அன்று ராத்திரி பூராவும் தூக்கமில்லை. அப்புறம் யோசித்தார். பேயாக இருந்தால் இவள் ஏறியதும் இறங்கியல்லவா ஓடியிருக்கும்?

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் ஷெட்டில் போய் நின்றார்.

"கியர்பாக்ஸ் போயிடுச்சாப்பா? உள்ளதைச் சொல்லு, தாங்கிக்கறேன்."

"பதறாதீங்க சார். உட்காருங்க. நியூட்ரல்ல போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. காலை எடுத்துடுங்க." மெக்கானிக் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். "சுத்தமா இருக்கு. கியர்பாக்ஸ் பேரிங்னா இப்பக் கத்தணும், கிளட்ச்சை மிதிச்சா அடங்கணும். இது அது இல்ல."

"அப்ப எது?"

மெக்கானிக் சட்டென்று நிமிர்ந்தார். இவர் தோளுக்குப் பின்னால் பார்த்து, "அட, மேடம்! வாங்க வாங்க!" என்றார்.

"ஞீஈஈஈ!"

கண்ணாடிக்காரர் வெலவெலத்துத் திரும்பினார். பின்னால் ஒருவரும் இல்லை. ஒரு பழைய டயர்தான் இருந்தது.

"உங்க இடது காலைப் பாருங்க சார்."

பார்த்தார். தரையில் கிடந்த கால் எப்போது எழுந்ததோ, கிளட்ச் பெடல் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

"ரிலீஸ் பேரிங் தேஞ்சிருக்கு. கிளட்ச்சை முழுசா மிதிச்சா கத்தாது, கால் லேசா பட்டுக்கிட்டு இருந்தாத்தான் கத்தும். நீங்க பயந்தா கால் தானா மேல போயிடுது. மேடம் பக்கத்துல இருந்தா நீங்க..."

"நான் பயப்படறதாவது!"

"ஞீ" என்றது கார்.

உளறுவாய் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவருக்கு வாய்த்தது உளறுகால்.

"இன்னைக்கே மாத்திடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கியர்பாக்ஸையே இறக்கணும் சார். மூணு நாள் ஆகும். நாளைக்குக் காலைத் தரையிலேயே வெச்சுக்குங்க, தப்பிச்சுடலாம்." சொல்லிவிட்டு மெக்கானிக் அவசரமாக இன்னொரு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அடியிலிருந்து இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. நம்மவர் அதைக் கவனித்திருக்கலாம். பயந்தவனுக்கு ஏது கவனம்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மச்சான் கையுறையோடு கேட்டில் நின்றான். "மெதுவா வாங்க அத்தான், நான் காத்திருக்கேன்" என்றான், பல்லெல்லாம் தெரிய.

வண்டி கிளம்பியது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் ஏறியது. ஒவ்வொரு தடவையும் மிதித்து விட்டவுடன் காலைத் தரையில் ஆணியடித்த மாதிரி ஊன்றிக்கொண்டார். முதுகில் வியர்வை ஓடியது. ஏரிக்கரை வந்தது. சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"ஏங்க," என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே. "நேத்து சாயங்காலம் எங்க போனீங்க?"

"கடையிலதான் இருந்தேன்."

"ஞீ."

மனைவி வலது கையைத் தூக்கி இறக்கினாள்.

"ஐஸ்கிரீம் சாப்பிட்டீங்களா? டாக்டர் சர்க்கரையே கூடாதுன்னாரே?"

"சீச்சீ, கண்ணால பார்த்தே ஆறு மாசமாச்சு!"

"ஞீஈ." கை ஏறி இறங்கியது.

"எங்கம்மா வந்திருந்தப்ப நிஜமாவே வெளியூர்ல கண்ணாடிக் கண்காட்சியா?"

"பின்னே? ரெண்டு நாள் நின்னே கால் வீங்கிடுச்சு!"

"ஞீஈஈஈ!"

"என் தம்பின்னா உங்களுக்குப் பிடிக்கும்தானே?"

"உசிரு!"

கார் போட்ட கூச்சலில் கரையோரம் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆடுகள் ஓடின. அடுத்தவன் காலை வாருவதைப் பார்த்திருக்கிறோம். சொந்தக் காலே வாரிவிட்டால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது? திரும்பும் வழியெல்லாம் கண்ணாடிக்காரர், வண்டி போனது போனதுதான் என்று மனசுக்குள் அழுதார்.

கேட்டில் மச்சான் கையை நீட்டினான். "சாவி?"

"வண்டியைத் தர்றதா இல்லடா," என்றாள் மனைவி. "நீ வீட்டுக்குப் போ."

கண்ணாடிக்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மச்சான் முகம் கறுத்துப் போய் நடையைக் கட்டினான். இவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "நீ தெய்வம்மா! நாளைக்கே அந்த பேரிங்கை மாத்திடறேன்!"

"மாத்தக் கூடாது."

"என்னது?"

"இந்தச் சத்தம் எப்ப வரும், ஏன் வரும்னு ரெண்டு மாசம் முன்னாடியே மெக்கானிக்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நான் சொல்லாம அதுல கை வெக்கக் கூடாதுன்னும் சொல்லி வெச்சிருக்கேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமைன்னு கெடு வெச்சது?"

"பரிசோதனைன்னா ரெண்டாவது தடவை சரிபார்க்கணும்ல? உங்களைப் பயமுறுத்தினாத்தானே கால் ஏறும். நம்ம வீட்டுல உண்மை பேசறது அந்த பேரிங் ஒண்ணுதாங்க. அதையும் கழட்டிப் போடச் சொல்றீங்களா?"

கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். பிறகு, வந்த வரைக்கும் லாபம், வண்டியாவது மிஞ்சியதே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, சொன்னார்:

"சரிம்மா. இனிமே உங்கிட்ட பொய்யே சொல்ல மாட்டேன்."

இஞ்சினை இன்னும் அணைத்திருக்கவில்லை. மனைவி கையைத் தூக்கினாள்.