கருப்பட்டிப் பூதத்தை வெட்டியது யார்?

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை செந்தூர்வேலுக்கு, அத்தான் தங்கப்பாண்டி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அக்கா சரண்யாவும் நலம். உன் மருமகள் செல்வி நலமாக இல்லை. காரணம் நீ.

சென்னையில் என் மச்சினன் சினிமாவுக்கு எடிட்டிங் செய்கிறான் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன் நான். நீ வேலை பார்த்த 'பவளப்பார் ராணி' படத்துக்கு நேற்று குடும்பத்தோடு போனோம். படத்துக்கு மூலமான கதைப் புத்தகத்தைத் துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து வந்து சாயங்காலம்தோறும் செல்விக்கு வாசித்துக் காட்டியவனே நான்தான். புத்தகத்தில் திருக்கை மீன் நீந்தும், படத்தில் பறக்கிறது. புத்தகத்தில் வாய் பேசாத நண்டு படத்தில் பாட்டுப் பாடுகிறது. போகட்டும் என்று விட்டேன். ஆனால் கருப்பட்டிப் பூதம் எங்கே? கடலுக்கடியில் அரண்மனை வாசலில் உட்கார்ந்து, "பாஸ் எங்கல? லாரியப் பின்னால எடு" என்று ராணியையே மிரட்டி, ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு உள்ளே விடுமே, அந்தப் பூதம்தான். கதைக்கு உயிரே அதுதான். இடைவேளையில் செல்வி, "பூதம் எப்பப்பா வரும்?" என்றாள். "வரும்ளா, பொறு" என்றேன். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. "மாமாதான வெட்டுனாவ? அவிய மடியில உக்கார மாட்டேன்" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை திருச்செந்தூரில் அவளுக்குக் காதுகுத்து. ஆசாரிக்குச் சொல்லியாயிற்று, பந்திக்கும் சொல்லியாயிற்று. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது? நான் விடுவதாக இல்லை. வெட்டிய பூதத்தை அதற்குள் ஒட்டி போனில் அனுப்பு. முடியாதென்றால் டைரக்டர் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். லீவு போட்டுச் சென்னைக்கே வரவும் தயார்.

வேளைக்குச் சாப்பிடு. செந்திலாண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் நல்ல புத்தியும் தரட்டும்.

அத்தான்,
தங்கப்பாண்டி

பி.கு.: டைரக்டரிடம் காட்டப் பூதம் வரும் பக்கத்தைத் தேடிப் புத்தகம் முழுக்கப் புரட்டினேன். பூதம் இல்லை. உன் அக்கா அடுப்படியிலிருந்தே சொல்கிறாள்: "நாலு வரி வாசிச்சதும் தூங்கிருவிய. பொறவு தூக்கத்துல துறைமுக கேட்டுல நின்னு பாஸ் கேட்டு லாரிக்காரன வெரட்டுவிய, கருப்பட்டிக் காப்பி கேப்பிய. பிள்ள அதையும் கதைன்னுல்லா கேட்டுக்கிட்டு இருந்தா."

செல்வியிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆகையால் வெட்டியது நீயாகவே இருக்கட்டும். வரும்போது நல்ல பூத முகமூடி ஒன்று வாங்கி வா. மண்டப வாசலில் அதைப் போட்டுக்கொண்டு நான் நிற்பேன். செல்வி பார்க்கக் கருப்பட்டி கொடுத்தால்தான் உன்னை உள்ளே விடுவேன்.