அண்ணனின் கொடுவா பாடிய மாலை

2010ஆம் ஆண்டு, மாமாங்கத் தீர்த்தத்துக்கு முந்திய சனிக்கிழமை, மாலை நான்கு மணி. இலக்கியம் படித்த காது ஏமாறாது என்ற என் நம்பிக்கை கல்லடி வாவியில் மூழ்கத் தொடங்கிய நேரம் அது.

பொறியியல் இறுதியாண்டு மாணவனான அண்ணன், கொடுவா மீனைப்போல வாலசைத்து நீந்தும் இயந்திரமொன்றைச் செய்திருந்தான். துறைமுகக் கப்பல்களின் அடியில் வெடிபொருள் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று, மனிதருக்குப் பதிலாக அது பார்த்துவரும். யுத்தம் முடிந்து ஓராண்டே ஆகியிருந்ததால், அதன் அவசியத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பழைய வேனொன்றின் வைப்பர் மோட்டரால் ஆடிய அந்த வால், சேற்றைக் கலக்காமல் வளைந்து நிமிரும் அழகுக்கு நிகரான கவிதை வரியை நான் இன்னும் படிக்கவில்லை.

சுனாமி நிவாரணத்தில் கிடைத்த தோணியில் அண்ணன், செயல்முறைப் பரீட்சைக்குப் புள்ளியிட வந்த விரிவுரையாளர், நான். வெடிபொருளுக்குப் பதிலாகத் தோணியின் அடியில் கட்டியிருந்த சட்டியை மீன் கண்டுபிடித்தால் அண்ணனுக்குப் பட்டம். கண்டுபிடித்ததும் அது 'டிக் டிக்' என்னும். துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்து அதைக் கேட்பது என் பொறுப்பு. (எங்கள் வாவியின் பேர்பெற்ற பாடும்மீனை ஊரார் கேட்பதும் இப்படித்தான்.)

டிக் டிக் வரவில்லை. நெடிய, உருக்கமான ரீங்காரம் ஒன்று வந்தது.

"பாடுது!" என்றேன்.

"என்னகா தங்கச்சி பாடுது?" என்றான் அண்ணன்.

"பாடும்மீன்! சத்தம் போடாதங்க." (என் வாழ்வின் முதற் கட்டளை.)

விரிவுரையாளரும் துடுப்பில் காதை வைத்தார். "ஓம் பிள்ள, பாடுதுதான்!" என்று கண்களை மூடினார். அந்த ஓசையில் பிரிவாற்றாமை தொனிப்பதை நான் அவருக்கு விரிவாக எடுத்துரைத்தேன். பாடும்மீன் பாடுவது பௌர்ணமியில். மாமாங்கத் தீர்த்தமோ அமாவாசையில். இருவருக்கும் அது தோன்றவில்லை.

அண்ணன் துடுப்பைப் பறித்துக் கேட்டான். "அடியே, அது என்ட மோட்டர்!" என்று வாவியில் குதித்தான்.

கரையோரக் கண்டல் வேரில் வால் சிக்கி, அவ்வளவு நேரமும் மோட்டர் திணறியிருந்தது. மீனின் வயிற்றைத் திறந்ததும் புகை வந்தது.

"பொரிஞ்சு போச்சு," என்றார் விரிவுரையாளர், என் முகத்தைப் பாராமல். "அடுத்த கிழமை வாறன். பாடாம நீந்தினாத்தான் புள்ளி."

அண்ணன் பட்டம் பெற்றுவிட்டான். வீட்டில் மிக்ஸி இரைந்தால், "தங்கச்சி, பிரிவாற்றாமை!" என்று இன்றும் குரல் கொடுப்பான். மழை நாட்களில் குருக்கள்மடத்து மாமாவும் தொலைபேசியில் அழைத்து, "மீன் பாடுதா பிள்ள?" என்பார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

ஏனெனில், அதுவரை அவர் கேட்பதற்கெல்லாம் தலையை மட்டுமே அசைத்துவந்த நான், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் அவர் முன் நின்றேன்.

"மாமா, உங்கட வேன்ட வைப்பர் மோட்டரைக் கழற்றித் தாங்க."

"அப்ப மழை வந்தா?"

"மாரிக்கு இன்னும் நாள் கிடக்கு மாமா. அதுவரைக்கும் மீன் நீந்தட்டும்."

"இந்தப் பிள்ளைக்கு வாயும் இருக்கா!" என்று வியந்தபடியே மாமா ஸ்பானரை எடுத்தார். நான் மோட்டரை மடியில் வைத்துக்கொண்டு கல்லடி பஸ் ஏறினேன்.