பேனரில் பாஸ்

கம்ப்யூட்டர் திரையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அருள்செல்வன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். வரி மாறவில்லை. தேர்ச்சி பெறவில்லை என்றே இருந்தது.

கோயம்புத்தூர் தேர்வு மையத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. பாதி நேரத்திலேயே எழுதி முடித்து, சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். அருள்செல்வனுக்கு நாற்பத்தேழு. மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் சிஸ்டம் மேனேஜர். அங்கே எந்தக் கம்ப்யூட்டர் நின்றாலும் அவர் வந்து தட்டினால் ஓடும் என்று பெயர்.

போன மாதம், கம்பெனியின் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு நிபந்தனை போட்டான். ஆர்டர் கணக்கெல்லாம் இனிமேல் க்ளவுடில், அதாவது இன்டர்நெட் வழியே எங்கோ இருக்கும் சர்வரில், இருக்க வேண்டும். கம்பெனியில் ஒருவராவது க்ளவுட் பரீட்சை பாஸ் பண்ணி சர்ட்டிபிகேட் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வேலை மொத்தத்தையும் வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் அருள்செல்வனுக்கு அங்கே என்ன வேலை? பிரிண்டருக்கு மை ஊற்றலாம்.

லாக்கரில் வைத்திருந்த செல்போனை எடுத்து ஆன் பண்ணியதும் அடித்தது. ஓனர் நாச்சிமுத்து.

"ஏனுங்க அருளு, முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க" என்றார் அருள்செல்வன். தன் கதை முடிந்தது என்ற பொருளில்தான் சொன்னார்.

"முடிச்சுட்டீங்களா! அப்படிப் போடுங்க! எனக்குத் தெரியுமுங்க!"

"இல்லீங்க, அது வந்துங்க..."

"ஒண்ணும் பேசாதீங்க. மொதல்ல வயிறாரச் சாப்புட்டுட்டு ஊடு போய்ச் சேருங்க." லைன் கட் ஆனது.

உடனே திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும். விரல் அந்த எண் வரைக்கும் போனது. 'போனில் சொல்ற விஷயமா இது? நேரில் சொல்லிக்கலாம்' என்று விரலே முடிவு செய்துகொண்டு திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்தால் கேசரி வாசம். மனைவி சண்முகப்பிரியா வாசலிலேயே நின்றாள்.

"ஓனரே போன் பண்ணிச் சொல்லீட்டாருங்க. என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா உங்களுக்கு?" என்று பொய்க்கோபம் காட்டி ஒரு கரண்டி கேசரியை வாயில் வைத்தாள். வாய் நிறையக் கேசரியை வைத்துக்கொண்டு எந்த மனிதனாலும் உண்மை பேச முடியாது. பிறகு பேசலாம் என்று விழுங்கினார்.

மறுநாள் சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனார். ஓனர் சேவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதற்கு மறுநாள் தேர்வுக்காரர்களிடமிருந்து மதிப்பெண் மெயில் வந்தது. அதைப் பார்க்கவே கூசியது. திறக்காமலே அழித்தார். வெள்ளிக்கிழமை காலை கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தியவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ப்ளெக்ஸ் பேனர். "மேகத்தை வென்ற எங்கள் அருள்செல்வன் அவர்களுக்கு வாழ்த்துகள்." வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த கறுப்பு மீசை போட்டோ. க்ளவுட் என்பதால் சுற்றிலும் வெள்ளை மேகம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம்.

டெம்போக்காரர் ஒருவர் அவர் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பேனரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நல்ல வயசுங்க. எப்பங்க தவறுனாரு?"

"செவ்வாக்கெழமைங்க" என்றார் அருள்செல்வன்.

உள்ளே போனால் தையல் லைனை ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஓனர் கையில் ஆளுயர மாலை. வடக்கத்திப் பையன்கள் விசில் அடித்தார்கள்.

"ஓனருங்க, ஒரு நிமிசம் தனியாப் பேசோணுங்க."

"தனியா என்னத்துக்குங்க? எல்லாத்துக்கும் முன்னாலயே பேசுங்க!" என்று மைக்கை நீட்டினார் நாச்சிமுத்து.

முந்நூறு பேர் அவரையே பார்த்தார்கள். மைக்கை வாங்கி, "எல்லாத்துக்கும்... நன்றிங்க" என்றார். கைத்தட்டலில் கூரைத் தகடு அதிர்ந்தது. மாலை கனத்தது. அதிலிருந்து ஒரு எறும்பு இறங்கிக் கழுத்தில் கடித்தது. இதுவாவது தன்னைத் தண்டித்ததே என்று அவருக்கு இருந்தது.

அன்று மாலையே ஓனர் அடுத்த குண்டைப் போட்டார். "நீங்க ஒருத்தர் பாஸானாப் பத்தாதுங்க. ஆறு பேரு எடுத்து வெச்சிருக்கறேன். தெனமும் ஒரு மணி நேரம் சொல்லிக் குடுங்க."

அந்த ஆறு பேரில் ரிசப்ஷனில் உட்காரும் பிரிசில்லாவும் ஒருத்தி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். வந்து எட்டு வருடமாகியும் 'ங்க' ஒட்டவே இல்லை.

முதல் நாள் போர்டு முன்னால் நின்றபோதுதான் அருள்செல்வனுக்கு ஒன்று புரிந்தது. எந்தக் கேள்விகளில் வழுக்கி விழுந்தாரோ அவற்றையே தானே விளக்கியாக வேண்டும். ராத்திரியெல்லாம் படித்துவிட்டுக் காலையில் வந்து சொன்னார். புத்தகத்து வார்த்தை யாருக்கும் ஏறவில்லை என்பதால் கம்பெனி வார்த்தையில் சொல்லத் தொடங்கினார்.

"ஆர்டர் குமிஞ்சா என்ன பண்றோம்? லைன்ல இன்னும் பத்து டெய்லரை உக்கார வெக்கறோம். ஆர்டர் கொறைஞ்சா வேண்டாம்னு நிறுத்திக்கறோம். சர்வரும் அதேதானுங்க. கூட்டம் வந்தா தானாச் சேரும், போனா தானாக் கொறையும்."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். அட, இதைத்தானே அங்கே மாற்றி எழுதினேன்!

"சார்" என்று கை தூக்கினாள் பிரிசில்லா. "உங்களுக்கு எவ்ளோ மார்க்கு சார்?"

"மார்க்கை வெளிய சொல்லக் கூடாதுங்க. அது ரூல்."

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நோட்டில் குனிந்துகொண்டார்கள். தன் மேல் இவர்களுக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டே அவர் போர்டைத் துடைத்தார்.

இரண்டு வாரம் கழித்துத்தான் மறுபடி எழுதலாம் என்பது விதி. பதினைந்தாம் நாளுக்குக் கோயம்புத்தூரில் பதிவு செய்தார். பாஸ் பண்ணிவிட்டால் பேனர் உண்மையாகிவிடும். அப்புறம் யாரும் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது. லீவுக்கு ஒரு காரணம்தான் வேண்டியிருந்தது.

"என்ற மாமியாருக்கு ஒடம்பு சரியில்லீங்க. மூலனூர் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரோணும்."

"அடக் கடவுளே! பஸ்ஸுலயா போவீங்க? நம்ம காரை எடுத்துக்குங்க. ராசப்பன் ஓட்டுவாரு."

"வேண்டாமுங்க, எதுக்குங்க சிரமம்..."

"உங்களுக்குச் செய்யாம யாருக்குங்க செய்யறது?"

காலை எட்டு மணிக்கெல்லாம் டிரைவர் ராசப்பன் கம்பெனி வாசலில் காரோடு நின்றார். பின் சீட்டில் ஒரு கூடை ஆப்பிளும் இரண்டு ஹார்லிக்ஸும். மூலனூர் தெற்கே, கோயம்புத்தூர் மேற்கே. கார் தாராபுரம் ரோட்டில் திரும்பியபோது அருள்செல்வன் கண்ணை மூடிக்கொண்டார். ராசப்பன் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னார்: "கவலைப்படாதீங்க சார், ஒண்ணும் ஆகாது."

தேர்வு ஆரம்பிக்கும் பத்து மணிக்கு அவர்கள் மூலனூர் முருங்கைக்காய் மார்க்கெட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். அங்கே ஒரு அம்மாள் முருங்கைக்காய்க் கட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வியாபாரியிடம் கத்திக்கொண்டிருந்தார். மாமியார் ராமாத்தாள்.

"நிறுத்துங்க!" என்று இறங்கி ஓடினார் அருள்செல்வன். "அத்தை, அத்தை, படுத்துக்குங்க!"

"மாப்பிள்ளைங்களா! என்னத்துக்குங்க படுக்கோணும்?"

"உங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்க!"

"எனக்கா? யாரு சொன்னா?"

"நான்தானுங்க..."

ராமாத்தாள் மருமகனின் முகத்தைப் பார்த்தார். பின்னால் ஆப்பிள் கூடையுடன் வந்த ராசப்பனைப் பார்த்தார். கட்டைக் கீழே போட்டுவிட்டு அப்படியே முருங்கைக்காய் மூட்டை மேல் சாய்ந்து, "அய்யோ, தலை சுத்துதே கண்ணு!" என்றார். மார்க்கெட்டே கூடிவிட்டது. சோடா வந்தது. வியாபாரி பயந்துபோய் அவர் கேட்ட விலையையே கொடுத்துவிட்டார்.

இதற்குப் பிறகு சண்முகப்பிரியாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ராமாத்தாள் மகளுக்குப் போன் போட்டுவிட்டார். அருள்செல்வன் வீட்டுக்குள் நுழைந்தபோது சண்முகப்பிரியா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மாளைப் படுக்க வெக்கற அளவுக்கு என்னங்க நடந்துச்சு?"

எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும் வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயிலானதுக்கு எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள் அவள். "என்றகிட்ட மறைக்கோணும்னு தோணுச்சு பாருங்க, அதுதான் தாங்க முடியல. நான் என்ன, மைக்கா நீட்டுனேன்?"

அந்த மாலையும் பேனரும் கொடுக்காத வலியை அந்தக் கேள்வி கொடுத்தது. சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

காலையில் அவளே காபியோடு வந்து எழுப்பினாள். "ஊட்ல இருந்தே எழுதலாம்னு ஒருக்காச் சொன்னீங்கல்ல? எழுதுங்க. எவனும் உள்ள வராம நான் பாத்துக்கறேன்."

ஆமாம், வீட்டிலிருந்தும் எழுதலாம். கம்ப்யூட்டர் கேமரா வழியே எங்கிருந்தோ ஒருவர் கண்காணிப்பார். அறைக்குள் வேறு ஆள் தலை தெரிந்தாலும் தேர்வு ரத்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிவு செய்தார். சண்முகப்பிரியா அறையைச் சாத்தி, வாசலுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கென்று பார்த்து எதிர்வீட்டுக்காரர் பாஸானவருக்குச் சால்வை போட வந்தார்.

"அவரு குளிக்கறாருங்க."

முக்கால் மணி கழித்து மறுபடி வந்தார்.

"இன்னும் குளிக்கறாருங்க."

ஒன்றரை மணி கழித்து மூன்றாம் தடவை வந்தவர் சால்வையை அவள் கையில் கொடுத்துவிட்டு, "ஏதாவது வேண்டுதலுங்களா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

உள்ளே, ஒவ்வொரு கேள்வியையும் அருள்செல்வன் தன் ஆறு மாணவர்களுக்குச் சொல்வது போலவே மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். டெய்லரும் லைனும் கட்டிங் டேபிளும் வரிசையாக வந்து நின்றன. கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கு வழியே பார்த்தார்.

தேர்ச்சி.

கதவைத் திறந்து வெளியே வந்தவரைப் பார்த்ததும் சண்முகப்பிரியா கையிலிருந்த சால்வையை அவர் தோளில் போட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

மறுநாள் சர்ட்டிபிகேட் மெயிலில் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்தபோதுதான் புதிய பயம் பிடித்தது. பெயருக்குக் கீழே தேதி கொட்டை எழுத்தில் இருந்தது. பேனர் கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் கழிந்த தேதி. நியாயமாக வாங்கிய சர்ட்டிபிகேட்டைப் பிரிண்ட் எடுத்தும் யாருக்கும் காட்ட முடியாமல் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஓனர் கூப்பிட்டனுப்பினார்.

"அருளு, பையர் ஆடிட்டுக்கு ஆள் வர்றானுங்க. அந்த சர்ட்டிபிகேட்டைக் கொண்டாங்க, மாட்டீருவோம்."

அருள்செல்வன் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். ஓனர் அறையின் கதவைச் சாத்திவிட்டு, காகிதத்தை மேசைமேல் வைத்தார். தேதிமேல் விரலை வைத்தார்.

"மொதத் தடவை நான் பெயிலுங்க. நீங்க சந்தோசப்பட்டதைப் பாத்துட்டு வாய் வரலீங்க. மாமியாருக்கும் ஒண்ணுமில்லீங்க. உங்க ஆப்பிளைத் தின்னுட்டு நல்லாத்தான் இருக்காங்க. என்னை வேலையை விட்டு அனுப்புனாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க."

நாச்சிமுத்து காகிதத்தை எடுத்து மெதுவாகப் படித்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்தார். காகிதம் அதில் அளவெடுத்தது போலப் பொருந்தியது.

"சரிங்க அருளு. போய் வேலையைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

அருள்செல்வன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ரிசப்ஷனைத் தாண்டும்போது முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

"சார், ஓனர்ட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள் பிரிசில்லா.

அவர் நின்றார். "எதைச் சொல்றீங்க?"

"முதல் தடவை பெயிலானதைத்தான். கம்பெனி சிஸ்டம் மெயில் ஐடியிலதான சார் பதிவு பண்ணுனீங்க? அதுல வர்றது எல்லாருக்கும் வர்ற மாதிரி நீங்கதானே செஞ்சு வச்சிருக்கீங்க. பெயில் மெயிலும் வந்துச்சு, கோயம்புத்தூர் பரீட்சைத் தேதியும் வந்துச்சு, நேத்து பாஸ் மெயிலும் வந்துச்சு."

அருள்செல்வன் கைக்குட்டையை இறக்கினார். "அப்படீன்னா... அந்தப் பேனரு?"

பிரிசில்லா குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பெயில் மெயிலைப் பாத்த பெறவுதான் சார் ஓனரு பேனருக்கே சொன்னாரு, 'இந்த மனுசனைத் திட்டுனா ஒறைக்காது, மாலை போட்டாத்தான் ஒறைக்கும்'னாரு."