அகழியில் ஒரு பட்டுப்புடவை

கோபக்காரி பட்டுப்புடவை கட்டக் கூடாது. கட்டினாலும் மேடான இடத்தில் நிற்கக் கூடாது. எனக்கு இந்தப் புத்தி வந்தது கல்வராயன் மலையில், வருங்கால மாமனார் எதிரில்.

பெண் பார்த்து முடிந்திருந்தது. நிச்சயத்துக்கு முன்னால் இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் மலைக்கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். திரும்பும்போது, வெள்ளிமலைக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அங்கே ஒரு பழைய மண்கோட்டை இருக்கிறது. மதிலும் மண்தான். கல்லூரியில் நான் ஆய்வுக்கட்டுரை எழுதியதே அதைப் பற்றித்தான். (யாரும் படிக்கவில்லை. அந்தக் கோபம் தனி.)

மாமனாருக்குக் கச்சிராயபாளையத்தில் ஜேசிபி ஓடுகிறது. மதில் மேல் ஏறி நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

“கோட்ட எங்கம்மா?”

“நீங்க நிக்கிறதுதாங்க மாமா.”

குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் கசக்கினார். “நல்ல மண்ணு. கல்லு கம்மி. நம்ப வண்டிய வுட்டா ஒரே நாள்ல தரையாக்கிடலாம்.”

எனக்குக் காது சுட்டது. பக்கத்தில் மாப்பிள்ளை பிரபு கண்ணாலேயே கெஞ்சினார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அங்கேயே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் மாமியார் எச்சில் காகிதத் தட்டுகளை அடுக்கி, மதிலை ஒட்டி ஓடும் அகழிக்குள் வீசினார். “பள்ளம் சும்மாதான கெடக்குது” என்றார்.

அவ்வளவுதான். கல்யாணமாவது கத்திரிக்காயாவது.

“உங்களுக்கெல்லாம் மண்ணுன்னா லோடு கணக்குதான் தெரியும். ஜனங்க கூடையில சொமந்து கொட்டுன கோட்டைங்க இது. எத்தினி மழ, எத்தினி காத்து. இன்னும் அசையாம நிக்குது” என்று கத்தி, காலை ஓங்கி மிதித்தேன்.

முந்தின நாள் மழை. மிதித்த இடம் பெயர்ந்தது. அரக்குப் பட்டும் மல்லிகைப் பூவுமாகச் சரிந்து போய், அகழிச் சேற்றில் அந்த எச்சில் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தேன்.

வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். நான் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தேன். மேலே அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, “போச்சு, இந்த சம்பந்தமும் போச்சு” என்றாள்.

திட்டிக்கொண்டே ஏறினேன். பாதியில் வழுக்கியது. மறுபடி ஏறினேன், மறுபடி சேறு. பிரபு கை நீட்டியபோது மாமனார் தடுத்தார். “இருடா, இன்னொரு வாட்டி ஏறட்டும்.”

பழி வாங்குகிறார் என்று நினைத்தேன். “மனுசங்களாங்க நீங்க?” என்றேன். மூன்றாவது முறையும் விழுந்த பிறகுதான் கவனித்தேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சரிவுடா இது. புடிச்சி ஏற ஒரு எடம் வுடல பாரு. வண்டி இல்லாத காலத்துல எவனோ தெரிஞ்சவன்தான் வெட்டியிருக்கான்.” நான் பிடித்து ஏறத் தோள் துண்டைக் கீழே விட்டார். “வரும்போது அந்தத் தட்டுங்களயும் எடுத்துக்கினு வாம்மா.”

தட்டுகளோடு மேலே வந்தேன். அம்மா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். “நிச்சயத்துக்கு நாள் பாருங்க” என்றார் அவர். “கோவம் ஜாஸ்திதான். ஆனா பள்ளத்துல கெடந்தும் கொரலு கம்மியாவல.”

இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், “அவ அகழில எறங்கிட்டா, துண்ட எடு” என்பார் பிரபு. அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

போன மாதம் செங்கல் சூளைக்காரர் ஒருவர் அந்தக் கோட்டை மண்ணைக் கேட்டு மாமனாரிடம் வந்தார். மாமனார் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

“அது எம் மருமவ கோட்டைங்க. உள்ளதான் இருக்குது, கேட்டுக்கினு போங்க” என்றார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். வந்தவர் விட்டுப்போன செருப்பு இன்னும் எங்கள் வாசலில் கிடக்கிறது.