சீர் பீரோவில் ஏழு எழுத்து

பல் செய்கிறவர்களுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தி.நகரில் ஒரு டென்டல் லேபில் எனக்கு வேலை. டாக்டர் அனுப்பும் அச்சைப் பார்த்து, உலோகத்தில் பல்லுக்கு கேப் செய்து தர வேண்டும். முடியளவு பிசகினாலும் அந்த ஆளால் வாயை மூட முடியாது. பத்து வருஷம் அப்படியே வேலை பார்த்தால் என்ன ஆகும்? உலகத்தில் இருக்கிற எல்லா உலோகமும் நம் பேச்சைக் கேட்கும் என்று தோன்றிவிடும். எனக்குத் தோன்றிவிட்டது.

அந்தத் திமிரில்தான் மந்தைவெளியில் எங்கள் வீட்டு கார் ஷெட்டை (கார் கிடையாது, ஷெட் மட்டும்தான்) என் பட்டறையாக மாற்றினேன். முதலில் ஒரு வெல்டிங் மெஷின் வாங்கி, ஒரு செருப்பு ஸ்டாண்டு செய்தேன். அது இன்றைக்கும் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது. தனியாக நிற்கச் சொன்னால் படுத்துவிடும். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்ததாக பிளாஸ்மா கட்டர் வாங்கினேன்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி. அதற்கு ஒரு பக்கம் கரண்டு, இன்னொரு பக்கம் கம்ப்ரஸரிலிருந்து காற்று. விசையை அழுத்தினால் முனையிலிருந்து கண்ணைப் பறிக்கும் நீலச் சுடர் சீறிக்கொண்டு வரும். இரும்புத் தகட்டை அல்வாத் துண்டு போடுகிற மாதிரி அறுத்துக்கொண்டு போகும். ஒரே தொல்லை, அதைப் போடுவதற்கு முன் பிரிட்ஜ், ஏசி, தண்ணீர் மோட்டார் மூன்றையும் அணைத்தாக வேண்டும். "உன் மெஷின் ஆன் ஆனா வீட்ல மத்த எல்லாரும் ஆஃப் ஆகணும், என்னையும் சேர்த்து" என்பார் என் கணவர் சேகர்.

இந்த நிலைமையில்தான் என் தங்கை குழலிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பிரபு, அடையாறு. அவனுடைய அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதிரே பேசும்போது எனக்கு வல்லினம் மிகும் இடங்களில் எல்லாம் வியர்க்கும். நிச்சயதார்த்தத்தன்று, மண்டப வாசலில் தெர்மகோல் போர்டு வைப்பதைப் பற்றி யாரோ பேச்செடுத்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும்.

"என் தங்கச்சி கல்யாணத்துக்குத் தெர்மகோலா? இரும்புத் தகட்டுல பேரை வெட்டி, பின்னாடி சீரியல் லைட்டு போட்டு நிறுத்தறேன் பாருங்க!"

பிரபுவின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயேவா?"

"நானேதான் அத்தை."

அவர் விடைத்தாளைத் திருப்பி வைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு நொடியில் எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. இனி அந்த போர்டை யாராலும் தடுக்க முடியாது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது லீவு போட்டேன். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை அழைத்துவர எழும்பூருக்குப் போயிருந்தார்கள். தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் துலுக்காணம் அண்ணன் தன் கம்ப்ரஸரை உருட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தினார்.

"காத்து என்னுது, கரண்டு உன்னுது. பொறுப்பு யார்து?" என்றார்.

"என்னுதுதான், அண்ணே."

"அப்ப சரி. நான் கடையில கீறேன்."

ஐந்தடித் தகட்டில் சாக்பீஸால் 'குழலி வெட்ஸ் பிரபு' என்று எழுதியாகிவிட்டது. எழுத்தின் சுழி உள்ளே இருக்கும் துண்டு கழன்று விழாமலிருக்க, ஒவ்வொரு சுழியிலும் சின்னப் பாலம் விட்டிருந்தேன். (பல் வேலை சொல்லிக்கொடுத்த புத்தி.) தகட்டை எதன் மேல் வைப்பது என்பதுதான் பிரச்சினை. என் பட்டறை மேஜை நான் செய்தது. அதன் மேல் தம்ளர் வைத்தாலே தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும். சுற்றிப் பார்த்தேன். ஷெட்டின் நடுவில், குழலிக்குச் சீராகக் கொடுக்க வாங்கிய புது இரும்பு பீரோ மல்லாந்து படுத்திருந்தது. மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் குட்டியானை வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போவதாக ஏற்பாடு. ஏற்றுவதற்கு வசதியாக அப்படிப் படுக்கவைத்திருந்தார்கள். இரண்டு கதவும் மேலே பார்த்தபடி, அப்படி ஒரு சமம்.

நான் ஒன்றும் யோசிக்காமல் செய்துவிடவில்லை. மிகவும் யோசித்துத்தான் செய்தேன். பீரோவைச் சுற்றியிருந்த அட்டையில் தீப்பொறி பட்டால் எரியுமே என்று அட்டையை முழுதாக உரித்து எடுத்தேன். ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்து பீரோவின் மேல் விரித்தேன். அதன் மேல் இரண்டு மரச்சட்டம், சட்டத்தின் மேல் தகடு. தகட்டுக்கும் பீரோவுக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி. இதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால் போலீஸைத்தான் கூப்பிட வேண்டும்.

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசையை அழுத்தினேன்.

அடடா! 'கு' அப்படி வழுக்கிக்கொண்டு வந்தது. கறுப்புக் கண்ணாடி வழியாகச் சுடர் மட்டும்தான் தெரியும், சுற்றிலும் இருட்டு. சாக்கிலிருந்து ஆவி பறந்தது. சாக்கு தன் வேலையைச் செய்கிறது என்று திருப்திப்பட்டேன். வெட்டிய துண்டு விழும்போது ஒரு சத்தம் கேட்டது. ஒரு விநாடி விட்டு இன்னொரு சத்தம், 'டங்' என்று, எங்கோ கிணற்றுக்குள் விழுகிற மாதிரி. ஷெட்டில் எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 'ழ' முடிந்தது, இரண்டு சத்தம். 'லி' முடிந்தது, இரண்டு சத்தம். ஷெட்டின் ஒலியமைப்பை மெச்சிக்கொண்டே 'வெட்ஸ்' முழுதையும் முடித்து, 'பி'யையும் முடித்தேன்.

அப்போது கம்ப்ரஸர் நின்றது. நிமிர்ந்து கண்ணாடியைத் தூக்கினால், துலுக்காணம் அண்ணன் சுவிட்சை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, சாக்கின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பீரோவுக்கு ஜன்னல் வச்சிக்கினு கீறியா?"

தகட்டை இறக்கினோம். சாக்கை எடுத்தோம். சாக்கிலும் 'குழலி வெட்ஸ் பி' என்றிருந்தது. அதன் கீழே, பச்சைப் பெயின்ட் பளபளக்கும் சீர் பீரோவின் இரண்டு கதவுகளிலும் சேர்ந்தாற்போல், ஓரமெல்லாம் கருகி, 'குழலி வெட்ஸ் பி' என்றிருந்தது. தகடு மூன்று மில்லிமீட்டர். பீரோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தகட்டையே அறுக்கிற சுடர் ஓர் அங்குலம் தாண்டி பீரோவிடம் மட்டும் இரக்கம் காட்டுமா என்ன?

சத்தம் கேட்டு குழலி ஓடிவந்தாள். கையில் மருதாணி. பீரோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா... உள்ள என் முகூர்த்தப் புடவை இருக்கு."

"பீரோவுக்குள்ள எதுக்குடி வச்சே?"

"வீடு பூரா ஜனம் வரப்போகுது, பத்திரமா இருக்கட்டும்னுதான் வச்சேன்! பீரோல வைக்காம வேற எதுல வைப்பாங்க?"

கைப்பிடியைத் திருகினேன். திறக்கவில்லை. உருகிய இரும்பு இரண்டு கதவும் சேருகிற இடத்தில் சொட்டி, இறுகி, நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. (நான் வெல்டிங் மெஷினால் இத்தனை நாள் முயன்றும் இப்படி ஒட்டியதில்லை.) டார்ச் அடித்து 'கு' வழியாக உள்ளே பார்த்தேன். அட்டைப் பெட்டி தெரிந்தது. அதன் மூடியில் ஓர் இரும்புத் துண்டு படுத்திருந்தது; அதைச் சுற்றிப் புகைந்துகொண்டிருந்தது.

நான் செய்த அடுத்த காரியத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. என் கை தானாக மறுபடியும் பிளாஸ்மா கட்டரை நோக்கிப் போனது. ஒட்டின இடத்தை அறுத்துவிட்டால் திறந்துவிடலாமே!

"அதைத் தொடாதே!" துலுக்காணம் அண்ணன் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. 'லி' வழியாக ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கடைக்கு ஓடி, டயர் நெம்புகிற கம்பி இரண்டைக் கொண்டுவந்தார். அவர் ஒரு பக்கம், சத்தம் கேட்டு வந்த சேகர் ஒரு பக்கமாக நெம்ப, கதவு 'படார்' என்று திறந்தது. குழலி மருதாணிக் கையை மறந்து பெட்டியைத் தூக்கினாள். மூடியில் ஓட்டை. உள்ளே புடவையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒரு வட்டம். துணியைப் பிரித்தாள். நாங்கள் மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம்.

புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் கொஞ்சம் ஈரம், அவள் கையிலிருந்து கொஞ்சம் மருதாணி. அவ்வளவுதான்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பீரோவுக்கு என்ன வழி என்று சேகர் அடுக்க ஆரம்பித்தார். பட்டி வைத்துப் பூசலாம். ஓட்டையில் பட்டி நிற்காது. கதவில் கண்ணாடி மாட்டலாம். ஐந்தடி ஓட்டைக்கு இரண்டு கதவிலும் சேர்த்து எப்படி மாட்டுவது? பூமாலையால் மூடிவிடலாம். அடையாறு போய்ச் சேருவதற்குள் வாடிவிடும்.

குழலி பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவர் பேரு 'பி'யோட நிக்குது."

"அதான்டி தெரியுது."

"பாதியில விட்டா நல்லாவா இருக்கும்? அவங்க வீட்ல நாலு பேரு நாலு விதமா சொல்வாங்க. முடிச்சிடு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுந்தேன். பீரோவை முழுக்கக் காலி செய்தேன். உள்ளே கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினேன். கதவை மூடி, சாக்பீஸால் நேராக பீரோவின் மேலேயே எழுதினேன். துலுக்காணம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு கம்ப்ரஸரைப் போட்டார். 'ர' நன்றாக வந்தது. 'பு'வில் முனை எச்சில் துப்புகிற மாதிரி 'தூ தூ' என்று தெறித்து அணைந்துவிட்டது.

"காத்துல தண்ணி கீதும்மா. கடலோரத்துக் காத்து, இப்டித்தான்" என்றார் அவர்.

வேறு முனை என்னிடம் இல்லை. நான் விடுவதாக இல்லை. டிரில்லிங் மெஷினை எடுத்து, கோட்டின் மேல் துளை துளையாகப் போட்டு 'பு'வை முடித்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புள்ளி வைத்துக் கொடுத்த எழுத்து மாதிரி இருந்தது. தகடு 'பி'யோடு நின்றுவிட்டது; மண்டப வாசலுக்குத் தெர்மகோல்தான்.

மறுநாள் காலை குட்டியானை வந்தது. கூடவே பிரபுவின் அம்மாவும் வந்தார். பீரோவை நிமிர்த்தினார்கள். அப்போதுதான் எனக்கே உறைத்தது: படுத்திருந்த பீரோவில் நீளவாக்கில் எழுதியதால், நிமிர்ந்த பீரோவில் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் படுத்திருந்தன. பிரபுவின் அம்மா கழுத்தைச் சாய்த்தார். பின்னால் நின்ற டிரைவரும் சாய்த்தார். அப்பா, அம்மா, ஊரிலிருந்து வந்த பன்னிரண்டு பேர், எல்லாருமாகச் சாய்த்தார்கள்.

"புது டிசைன், அத்தை" என்றார் சேகர், யாரும் கேட்காமலே.

அத்தை என்னைப் பார்த்தார். "வளர், வேணும்னே பண்ணதா, தெரியாம பண்ணதா?"

ஆமாம் டிசைன்தான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"முதல் ஏழு எழுத்து தெரியாம, அத்தை. கடைசி ரெண்டு வேணும்னே."

அத்தை பீரோவின் பக்கத்தில் போனார். கழுத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொடாமல் தொட்டுக்கொண்டு போனார்.

"ழகரம் நல்லா வந்திருக்கு" என்றார். "என்கிட்ட படிச்ச பசங்க பாதிப் பேருக்கு வராது. ஆனா 'வெட்ஸ்'னு எழுதச் சொன்னது யாரு? அது எந்த ஊர்த் தமிழ்?"

அதற்குப் பிறகுதான் சிரித்தார். அவர் சிரித்ததும் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்தது. டிரைவரைப் பார்த்து, "ஓரமெல்லாம் கூர்மையா இருக்கு, கையைக் கிழிச்சுக்காம ஏத்துப்பா" என்றார்.

அந்த பீரோ அடையாறில்தான் இருக்கிறது. ஓரங்களை நானே போய் அரத்தால் ராவிக் கொடுத்தேன். மழைக்காலத்தில் தெருவில் எல்லார் வீட்டுப் பட்டும் பூஞ்சை பிடிக்கிறதாம், குழலியுடையது மட்டும் பிடிப்பதில்லையாம், காற்று போய்வருகிறதே! நான் கட்டரை விடவில்லை. புது முனை, காற்றிலிருந்து நீரைப் பிரிக்கும் வடிகட்டி, நிஜமான இரும்பு மேஜை எல்லாம் இருக்கின்றன. ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக்கு நான் போனாலும், "வளர் வர்றா, பீரோவை நிமித்தி வைங்க" என்றுதான் வரவேற்பு.

போன மாதம் குழலியின் மகளை எல்.கே.ஜி. மிஸ் கூப்பிட்டு விசாரித்தாராம். குழந்தை அம்மா பேரை அழகாக எழுதுகிறாள், ஆனால் எழுத்தையெல்லாம் படுக்கவைத்து, மேலிருந்து கீழாக எழுதுகிறாள். நிமிர்த்தி எழுதச் சொன்னால், "எங்க வீட்ல இப்படித்தான் இருக்கு" என்கிறாள். வீட்டில் என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்.

குழலி போகவில்லை. பிரபு போகவில்லை. ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே மாட்டேன் என்றுவிட்டார். லேபில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்து, பிளாஸ்மா கட்டர் என்றால் என்ன என்று மிஸ்ஸுக்கு முதலிலிருந்து விளக்கிவிட்டு வந்தேன்.