மாமன்னர் விடுமுறையில் இருக்கிறார்

மேழிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்குக் கடல் கிடையாது. எந்தப் பக்கம் நடந்தாலும் வயல், வயல் முடிந்தால் மலை, மலைக்கு அப்பால் வேறொருவருடைய நாடு. அங்கே மன்னரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்தல் நாள் வரை அவர் கும்பிடுவார், இவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மறுநாள் முதல் இவர்கள் கும்பிடுவார்கள், அவர் பார்க்காமல் போவார். மற்றபடி எல்லா நாடுகளையும் போன்ற நாடுதான்.

அதை ஆண்டுவந்த மாமன்னர் வையங்காத்தார் நாளுக்கு ஓர் ஆணை பிறப்பித்துப் பிறப்பித்துக் களைத்துப்போனார். அவருக்கு நீண்ட ஓய்வு தேவை என்று அரண்மனை மருத்துவர் சொல்லிவிட்டார். மக்களுக்கு எது தேவை என்று மருத்துவரிடம் யாரும் கேட்கவில்லை.

மன்னருக்குக் கடல் பார்க்கும் ஆசை இருந்தது. பக்கத்து நாட்டிலேயே நல்ல கடல் ஒன்று உண்டு. ஆனால் பேருந்தில் போய்ச் சேரக்கூடிய கடலில் மன்னர் கால் நனைப்பது நாட்டுக்கே இழுக்கு என்று பேரமைச்சர் பொன்னுரங்கம் கருதினார். ஆகவே, மூன்று விமானங்கள் மாறிப் போகவேண்டிய ஒரு தீவில், கடற்கரை விடுதி ஒன்றில் இடம் பிடித்தார்கள். வாசலில் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். அதன்பிறகு சாப்பாடு, பானம், மெத்தைக் கட்டில், குடை, மாலையில் பாட்டும் கூத்தும் எல்லாம் அதற்குள் அடக்கம். பையில் கைவிட வேண்டிய வேலையே இல்லை.

மன்னரோடு பேரமைச்சர் போனார். கூடவே அரசுச் செயலர் சிற்றம்பலமும் போக நேர்ந்தது. விடுமுறையிலும் மன்னருக்கு ஆணை பிறப்பிக்காமல் இருக்க வராது. அதைத் தொலைபேசியில் அரண்மனைக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சிற்றம்பலம் ஆசைப்பட்டுப் போனவர் அல்லர். வீட்டுக்குப் பின்னால் மனைவி வடிவு போட்டிருந்த கத்திரித் தோட்டத்தைச் சுற்றி வந்து, அவள் வைக்கும் ரசத்தைக் குடித்துவிட்டுத் தூங்குவதைவிடப் பெரிய ஓய்வு எதையும் அவர் கேள்விப்பட்டதில்லை. விமானத்தில் கால் மரத்து, காது அடைத்து, பகல் எது இரவு எது என்று தெரியாமல் போய் இறங்கியவருக்கு, உயரமான கண்ணாடிக் குவளையில் நீல நிறத்தில் ஏதோ கொடுத்து வரவேற்றார்கள். அவர் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டார்.

முதல்நாள் காலை மன்னர் உணவுக்கூடத்துக்குப் போனார். நீளநீளமான மேசைகளில் விதவிதமான உணவு. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வேண்டியதை வேண்டுமட்டும் அவரவரே எடுத்துக்கொண்டார்கள். மன்னர் அப்படியே நின்றுவிட்டார். மேழிநாட்டில் வீட்டுக்கு வீடு அடுப்பு எரிவதும், ஒவ்வொருத்தியும் தனித்தனியாகக் குழம்பு கூட்டுவதும் எவ்வளவு பெரிய வீண் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைய ஆணை அங்கேயே பிறந்தது. வீட்டு அடுப்புகள் அணைக்கப்படும். ஊர்தோறும் நீளமேசை போடப்படும். எல்லாம் இலவசம்.

சிற்றம்பலம் அதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நாலைந்து நாள் கழித்து வீட்டுக்கும் பேசினார். இங்கே காலை என்றால் அங்கே மாலை. வடிவின் குரல் சோர்ந்திருந்தது.

"வரிசையில நின்னு நின்னு கால் வீங்கிப்போச்சுங்க. முன்னாடி நிக்கிறதெல்லாம் அதிகாரிங்களோட சொந்தக்காரங்க. பாத்திரத்தோட வந்து அள்ளிட்டுப் போறாங்க. நான் போறப்ப ஊறுகாயும் கரண்டியும்தான் இருந்துச்சு."

ஊரே விடியற்காலை முதல் வரிசையில் நிற்பதால் வயல்களில் களை எடுக்க ஆள் இல்லை என்றும் சொன்னாள். நீங்க என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள். மேசையில் ரொட்டியே எட்டு விதமாக இருந்ததை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஏதோ இருந்தது என்றார்.

அதன்பின் ஒருநாள் மன்னர் சாவகாசமாகக் கடற்கரைக்குப் போனார். குடைக்குக் கீழே இருந்த கட்டில்கள் எல்லாவற்றிலும் துண்டு விரித்திருந்தது. ஒன்றிலும் ஆள் இல்லை. பணியாளரைக் கூப்பிட்டு விசாரித்தார். விருந்தினர்கள் விடியுமுன்னே வந்து துண்டைப் போட்டுவிட்டு மறுபடி தூங்கப் போய்விடுவார்கள் என்றும், யார் துண்டோ அவருக்கே இடம் என்றும் பணியாளர் சொன்னார்.

மன்னர் உட்கார இடமில்லாத கோபத்தை மறந்துவிட்டார்.

"பத்திரம் இல்ல, பட்டா இல்ல, வழக்கு இல்ல, வாய்தா இல்ல. ஒரு துண்டு. அவ்வளவுதான். பொன்னுரங்கம், இதுதானய்யா நிர்வாகம்" என்றார்.

"தாங்கள் துண்டைப் பார்க்கவில்லை மன்னா. தாங்கள் எதிர்காலத்தைப் பார்த்தீர்கள்" என்றார் பேரமைச்சர்.

ஆளில்லாத நிலத்தில் யார் முதலில் துண்டு விரிக்கிறாரோ அவருக்கே அது சொந்தம் என்று ஆணை போயிற்று. மேழிநாட்டு மக்கள் எல்லாரும் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்ததால் நாட்டில் ஆளில்லாத நிலத்துக்குப் பஞ்சமே இல்லை. துண்டு வியாபாரம் சூடுபிடித்தது. வண்டி வண்டியாகத் துண்டு வாங்கியவர்கள், ஒரே பொழுதில் ஊர் ஊராகத் துண்டு போட்டுக்கொண்டே போனார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்களும் துண்டு வாங்கினார்கள், தலையில் போட்டுக்கொள்ள.

அடுத்தமுறை பேசியபோது வடிவு, "நம்ம தோட்டத்துல பேரமைச்சரோட மச்சினர் துண்டு விரிச்சுட்டாருங்க. பூப்போட்ட துண்டு. செடியெல்லாம் அதுக்கடியில படுத்துக் கெடக்கு" என்றாள். அவள் அழுகிறவள் அல்லள். அன்றைக்கும் அழவில்லை. ஆனால் குரல் ஒருமாதிரி இருந்தது.

சிற்றம்பலம் பேரமைச்சரைத் தேடிப் போனார். அவர் நீச்சல்குளத்துக்குள்ளேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, இடுப்பளவு தண்ணீரில் அன்னாசிப் பழச்சாறு அருந்திக்கொண்டிருந்தார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"செயலரே, நாட்டின் வளர்ச்சியைக் கத்திரிச்செடியின் உயரத்தில் நின்று பார்க்கக் கூடாது. குறை இருந்தால் முறைப்படி மனுக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றார்.

வடிவு மனுவோடு கிளம்புவதற்குள் மனு என்பதே இல்லாமல் போயிற்று. தீவு விடுதியின் உணவுக்கூடத்து வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். சாப்பிட்டு வருகிறவர்கள் திருப்தி என்றால் சிரித்த முகம் போட்ட பொத்தானையும், இல்லையென்றால் அழுத முகத்தையும் அழுத்திவிட்டுப் போக வேண்டும். மன்னருக்கு அது பிடித்துப்போனது. மேழிநாட்டில் மனுக்களை வாங்கிப் படித்து நேரத்தை வீணாக்குவதற்குப் பதில் இந்தப் பெட்டியையே வைக்கச் சொன்னார். அழுத முகம் பார்க்க அழகாக இல்லை என்று பேரமைச்சர் அதை எடுத்துவிடச் சொன்னார். வடிவு போய் நின்றாள். அழுத்த இருந்தது ஒரே ஒரு முகம். அதை அழுத்தினால்தான் வெளியே விடுவோம் என்றார்கள். அழுத்தினாள். தோட்டம் கைமாறியதில் முன்னாள் உரிமையாளர் மகிழ்ச்சி தெரிவித்திருப்பதாக அன்றைக்கே அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்.

அதைக் கேட்ட சிற்றம்பலம் கடலோரமாகப் போய் நடந்தார். சுற்றிலும் எல்லாரும் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் கவலை இல்லை. ஊரில் நடந்த துயரங்கள் எல்லாம் தம் வாயால் போனவை என்பது அவர் நெஞ்சை அறுத்தது. ஆணை மன்னருடையதாக இருக்கலாம், குரல் அவருடையது.

அந்த வாரம் தீவில் புயல் அடித்தது. தென்னைகள் சாய்ந்தன, தொலைபேசி செத்துப்போனது. மன்னரோ அறைக்குள் உட்கார்ந்தபடியே வழக்கம்போல ஆணை சொன்னார். இணைப்பு இல்லை என்று சொன்னால் மன்னருக்குக் கோபம் வரும் என்று பயந்து, சிற்றம்பலம் உயிரில்லாத தொலைபேசியில் உரக்கச் சொல்லி முடித்தார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

இணைப்பு வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குப் பேசினார். வடிவு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

"கத்திரிக்கா வதக்கலுங்க. வீட்ல செஞ்சது" என்றாள்.

நடந்தது இதுதான். நேற்றைய ஆணையை இன்றைக்கு நினைவில் வைத்திருப்பது மேழிநாட்டு அதிகாரிகளின் வழக்கமல்ல; தினமும் புது ஆணை வந்துகொண்டிருந்ததால்தான் அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆணை நின்றதும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் தூங்கினார்கள். யாரும் கேட்கவில்லை என்று கண்டதும் ஒருவன் அடுப்பைப் பற்றவைத்தான். வாசனை பிடித்த பக்கத்து வீட்டுக்காரனும் பற்றவைத்தான். வரிசை கலைந்தது. வயலுக்குப் போனவர்கள் துண்டுகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுக் களையெடுக்க இறங்கினார்கள். வடிவு அந்தப் பூப்போட்ட துண்டைத் துவைத்து, மடித்து, மச்சினர் வீட்டுக்கே அனுப்பிவிட்டாள்.

அன்று முதல் சிற்றம்பலம் மன்னரின் ஆணைகளை அரண்மனைக்குச் சொல்லவில்லை. நேராகத் தம் வீட்டுக்குச் சொன்னார். மன்னர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இவர் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பார். அந்தப் பக்கம் வடிவு கீரை ஆய்ந்துகொண்டே "சரிங்க, சரிங்க" என்பாள். தண்ணீருக்குள் நின்று நடனமாடினால் மூட்டுக்கு நல்லது என்பதால் மேழிநாட்டுக் குடிகள் எல்லாரும் காலையில் ஏரியில் இறங்கி ஆட வேண்டும் என்ற ஆணையும், மாலை நாலு மணிக்குமேல் வருத்தப்படுவது குற்றம் என்ற ஆணையும் இப்படித்தான் அந்த அடுப்படிக்குள் போய்ச் சேர்ந்தன.

ஒருமுறை விஷயம் வெளியே வந்துவிடப் பார்த்தது. வெயிலில் தோல் உரிந்து சிற்றம்பலம் காய்ச்சலில் படுத்துவிட்டார். பேரமைச்சர் தாமே தொலைபேசியை எடுத்து, கடைசியாகப் பேசிய எண்ணுக்குப் பேசினார். சிற்றம்பலம் போர்வைக்குள் வேர்த்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யார் பேசுவது?" என்றார் பேரமைச்சர்.

வடிவு ஒரு கணம்தான் தயங்கினாள். "அரண்மனைங்க. சொல்லுங்க."

பேரமைச்சர் ஆணையைப் படிக்கத் தொடங்கவும், அந்தப் பக்கம் குக்கர் நீளமாக விசிலடித்தது. அது என்ன சத்தம் என்று அதட்டினார்.

"ஒண்ணுமில்லீங்க. உங்க ஆணைக்குத்தான் சங்கு ஊதறாங்க" என்றாள் வடிவு.

பேரமைச்சர் உள்ளம் குளிர்ந்துபோனார். தாம் இல்லாத நேரத்திலும் அரண்மனை மரபு குறையாமல் நடக்கிறது என்று மன்னரிடம் சொல்லி மகிழ்ந்தார்.

விடுமுறை முடியும் நாள் நெருங்கியது. மன்னர் துண்டு, பெட்டி, நீளமேசை எல்லாவற்றையும் நேரில் பார்வையிடும் ஆவலோடு மூட்டை கட்டச் சொன்னார். பார்வையிட அங்கே ஒன்றும் இல்லை என்பது சிற்றம்பலத்துக்குத்தான் தெரியும். ஊருக்குப் போக வேண்டும் என்று அவர் உடம்பில் ஒவ்வோர் எலும்பும் கேட்டது. ஆனால் அவர் போனால் மன்னரும் அல்லவா வருவார். வடிவிடம் இதைச் சொன்னார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மன்னர் வந்துதான் ஆகணுமாங்க?" என்றாள்.

அடுத்த சில நாளில் அந்தக் கேள்வி தெருத்தெருவாகப் போயிற்று. வாழ்நாளில் முதல்முறையாக மேழிநாட்டு மக்கள் எல்லாரும் ஒரே கோரிக்கைக்குக் கூடினார்கள். மன்னரின் உடல்நலமே தங்களுக்குப் பெரிது என்றும், அவர் அங்கேயே இன்னும் நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்றும், ஆகும் செலவைத் தாங்களே ஏற்பதாகவும் தீர்மானம் போட்டார்கள். சிற்றம்பலம் அதை மன்னரிடம் சொன்னபோது மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் மக்களுக்கு என்மேல இவ்வளவு பாசமா. நான் இல்லாமலே இப்படி இருக்காங்களே" என்றார்.

"தாங்கள் அருகில் இருந்தபோது அதைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம், மன்னா" என்றார் பேரமைச்சர்.

அந்த நெகிழ்ச்சியிலேயே சிற்றம்பலம் தமக்கு விடைகொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். பேச வேண்டிய எண்ணைப் பேரமைச்சரிடம் கொடுத்துவிட்டு, மறுபடி மூன்று விமானங்கள் மாறி, காது அடைத்து, கால் மரத்து, ஊர் வந்து சேர்ந்தார். வடிவு தோட்டத்தில் இருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், கறுத்துப்போயிட்டீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனாள். அதைக் குடித்துவிட்டு, தோட்டத்தை ஒருமுறை சுற்றி வந்து அவர் தூங்கினார்.

மேழிநாடு அதன்பிறகு நல்ல விளைச்சல் கண்டது. தேர்தலும் வந்தது. எதிர்த்து நின்ற வேட்பாளர் நேர்மையானவர், உழைப்பாளி. என்னைத் தேர்ந்தெடுத்தால் அல்லும் பகலும் உங்களோடேயே இருப்பேன், ஒருநாளும் உங்களை விட்டுப் போகமாட்டேன் என்று ஊர் ஊராகப் போய்ச் சத்தியம் செய்தார். மக்கள் கிலி பிடித்துப்போய் அவருக்கு டெபாசிட்கூடக் கிடைக்காமல் செய்துவிட்டார்கள். கடற்கரையை விட்டு அசையாமலேயே வையங்காத்தார் மறுபடி மன்னரானார்.

அதற்கடுத்த தேர்தலில் வேட்பாளர்கள் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டார்கள். யார் எவ்வளவு தூரத்துத் தீவுக்குப் போவார், எத்தனை காலம் தங்குவார் என்பதுதான் இப்போதெல்லாம் அங்கே பிரசாரம்.

விஷயம் மலைக்கு அப்பால் பரவிவிட்டது. பல நாட்டு மக்கள் ரகசியமாகச் சந்தா வசூலித்துக்கொண்டு, தங்கள் ஆட்சியாளருக்கும் ஓர் அறை கிடைக்குமா என்று அந்த விடுதிக்கு எழுதிக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் வருகிறது. மன்னிக்கவும், காத்திருப்போர் பட்டியலில் உங்கள் நாட்டின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.