பின்னால் வந்த மீசை

ஏரிக்கரை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்த கண்ணாடிக்கடைக்காரர், கைபேசியில் வரைபடத்தைப் பார்த்ததும் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். மாமனாரின் மீசை ஏரிக்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தது.

மீசை என்றால் படத்து மீசைதான். யார் எங்கே இருக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று, தன் போனிலும் கணவர் போனிலும் ஒரு வாரம் தங்க வந்திருந்த அப்பாவின் போனிலும் லொகேஷனைப் பகிரும்படி செய்து வைத்திருந்தாள் அவர் மனைவி. வரைபடத்தில் ஆளுக்கொரு வட்டம், வட்டத்துக்குள் முகம். மாமனாருடையதில் அவர் தீயணைப்பு அதிகாரியாக இருந்த காலத்து மீசை. அவர் போன் அரதப் பழசு என்பதால் வட்டம் ஆடி அசைந்துதான் நகரும். ஆனால் எப்படியும் வந்து சேர்ந்துவிடும் போலிருந்தது.

வாரத்தில் ஆறு நாள் கடையில், "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைதான் வாயை மூடிக்கொள்ள ஆண்டவன் கொடுத்த நாள். மாமனாரோ வந்த அன்றே ஒவ்வோர் அறையிலும் நின்று, "மாப்பிள்ளை, இங்க தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடுவீங்க? எங்க போனாலும் வெளிய போற வழியை மொதல்ல பார்த்து வச்சுக்கணும்" என்று பாடம் எடுத்தவர். ஸ்கூட்டரின் பக்கப்பெட்டியில் பூட்டு உடைந்திருப்பதற்குத் தனிப் பாடம்.

நர்ஸ் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி காலையில் கெஞ்சியிருந்தாள். "அம்மா போனப்புறம் அப்பா யார்கிட்டயும் ஒட்டவே இல்லைங்க. இன்னிக்கு ஒரு நாள் வெளிய கூட்டிட்டுப் போங்க. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்கன்னு தெரிஞ்சாலே என் மனசு குளிர்ந்துடும்."

தலையைத் தலையை ஆட்டியவர், மாமனார் கண்ணில் படாத நேரமாகப் பார்த்துப் பூனை மாதிரி நழுவி வந்திருந்தார். இப்போது பூனையின் பின்னால் மீசை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனார். மீசை பூங்காவின் பின்தெருவில் திரும்பியது. அங்கிருந்து நூலகத்துக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் மீசையும் நூலகச் சாலையில் தலையைக் காட்டியது.

இது ஆகாது என்று தன் லொகேஷனையே அணைத்தார். அணைத்த சூட்டோடு போன் அடித்தது.

"ஏங்க, உங்க வட்டத்தைக் காணோம். அப்பா மட்டும் லைப்ரரிகிட்ட நிக்கிறார். தனியா விட்டுட்டீங்களா?"

"சே சே. கை பட்டு அணைஞ்சிருக்கும், இதோ போட்டுட்டேன். மாமா என் பக்கத்துலதான் இருக்கார்."

"அவர் போனை எடுக்கவே மாட்டேங்கிறாரே?"

"லைப்ரரியில பேசக் கூடாதும்மா."

"அப்ப நீங்க மட்டும் பேசறீங்க?"

"நான் வாசல்ல நிக்கிறேன்."

"வாசல்லேயே ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பார்த்துட்டே வேலை செய்யறேன்."

கண்ணாடிக்கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். மாமனாரைக் காணோம். ஆனால் மாமனார் அளவுக்கே வழுக்கை விழுந்த சிவப்புச் சட்டைப் பெரியவர் ஒருவர் படிக்கட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்த மரத்தைக் கொஞ்சம் பாருங்களேன்."

"மரத்துல என்ன?"

"அபூர்வமான குருவி ஒண்ணு."

பெரியவர் அண்ணாந்து பார்க்க, அவருடைய பின்னந்தலையோடு தன் முகத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணும் தெரியலையேப்பா."

"கண்ணைச் சோதிச்சுடலாம், நாளைக்கு என் கடைக்கு வாங்க" என்று கடை முகவரிச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் படத்தை அனுப்பினார். மறுபடி போன் அடித்தது.

"அப்பாகிட்ட சிவப்புச் சட்டையே கிடையாதே?"

"நான்தான் இப்ப வாங்கிக் குடுத்தேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. "அம்மா இருந்தப்ப வாங்கினதோட சரி. அதுக்கப்புறம் அவருக்குச் சட்டை வாங்கணும்னு எங்க யாருக்கும் தோணினதில்லைங்க. உங்களுக்குத் தோணியிருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இனி பூசணிக்காய்க்குச் சட்டையும் வாங்க வேண்டும்.

துணிக்கடையில் சிவப்புச் சட்டையை மடித்துக் கட்டும்போது வரைபடத்தைப் பார்த்தார். மீசை கடை வாசலில் அசையாமல் நின்றது. சட்டென்று அவருக்கு வேறொன்று உறைத்தது. மாமனார் முழங்கால் வலிக்காரர். ஊரும் புதிது. உச்சி வெயிலில், கூப்பிட்டுக்கூடப் பார்க்காமல், தன் பின்னாலேயே அலைகிறார். அந்த மனுஷனிடமிருந்தா இவ்வளவு ஓட்டம்?

வாசலுக்கு ஓடி வந்தார். அவருடைய ஸ்கூட்டரும் ஒரு நாயும்தான் நின்றன.

"மாமா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். நாய் வாலை ஆட்டியது.

தெருவின் இரண்டு முனைக்கும் நடந்தார். பக்கத்துக் கடைகளில் விசாரித்தார். யாரும் பார்க்கவில்லை. போன் அடித்தால் அவர் எடுக்கவும் இல்லை. மயங்கிக் கியங்கி விழுந்திருந்தால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? கடவுளே, அவரைப் பத்திரமாகக் காட்டிவிடு, எல்லா உண்மையையும் அவர்கள் இருவரிடமும் நானே சொல்லிவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டு, ஒருவேளை திரும்பியிருப்பாரோ என்று வீட்டுக்கு வண்டியை விட்டார். ஒவ்வொரு சிக்னலிலும் போனைப் பார்த்தார். ஒரு தெரு பின்தங்கினாலும் மீசையும் வீட்டுப் பக்கமே வந்தது. அப்பாடா, நடமாட்டம் இருக்கிறது.

குடியிருப்பின் வாசலிலேயே, சட்டைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றார். மீசை நெருங்கியது. இன்னும் நெருங்கியது. கடைசியில் அவர் வட்டத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை.

"யாரைத் தேடறீங்க சார்?" என்றார் காவலாளி.

"என் மாமனாரை. காலையிலேர்ந்து என்னைத் துரத்திட்டே வர்றார்."

காவலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஸ்கூட்டரின் பூட்டில்லாத பக்கப்பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

"பெரியவர் மேல தூங்கிட்டிருக்கார் சார். நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே அவர் போனை சைலண்ட்ல போட்டு இதுக்குள்ள வச்சுட்டு, 'மாப்பிள்ளை ஒரு நாளாவது தனியா நிம்மதியா இருக்கட்டும். பொண்ணு பார்த்தா நாங்க ஒண்ணா இருக்கற மாதிரித் தெரியும். வெளிய போக அவருக்கும் ஒரு வழி வேணும்ல'ன்னு சொல்லிட்டுப் போனார்."